மழை வந்தால் வாசலைத் தாண்ட மறுக்கும் நாய்: என்ன செய்வது?

ஈரக்குடை | செவ்வாய், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி. இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

எங்களிடம் பவுனு என்று ஒரு பெண் நாய். வயது 2 இருக்கலாம், கலப்பினம், குட்டை முடி, 14 கிலோ. வந்து 8 மாதம் ஆகிறது. வந்த இரண்டாவது வாரமே வெளியே போய்ப் பழகிவிட்டாள். பின்வாசலைத் திறந்தால் நேரே புல்தரைக்கு ஓடுவாள், தன் மூலையில் மூன்று சுற்று சுற்றுவாள், உட்காருவாள், முடிந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூடப் போனதில்லை.

மழை தொடங்கிய நாளிலிருந்து எல்லாம் தலைகீழ். கதவைத் திறந்தால் மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிறாள். முன்காலைப் படியில் வைக்கிறாள், சூடு பட்டவள் போல் உடனே எடுத்துக்கொள்கிறாள். அப்புறம் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை. மழையை நான்தான் ஏற்பாடு செய்தேன் என்கிற மாதிரி. கயிற்றைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்கிறாள். கழுத்துப் பட்டை காது வரை ஏறிவிடுகிறது.

நேற்று இரவு 9 மணிக்குப் போனவள், இன்று மாலை 4 மணி வரை அடக்கிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டால் 19 மணி நேரம். கடைசியில் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து சோபாவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். திட்டவும் மனம் வரவில்லை. என்னதான் செய்வது?

வால்நட்சத்திரம் | செவ்வாய், இரவு 11.34

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், "மழையை நான்தான் ஏற்பாடு செய்தேன்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே பார்வைதான். போன வருடம் முன்வாசலில் மழை என்று பின்வாசலுக்குக் கூட்டிப்போகச் சொன்னது. அங்கும் மழை என்று தெரிந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

உதவியாக ஒன்றும் சொல்லவில்லை, மன்னிக்கவும். பதில்களுக்காக நானும் காத்திருக்கிறேன்.

திண்ணைக்காரர் | புதன், காலை 5.50

என்னம்மா இது, நாய்க்கு இவ்வளவா? வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். அவசரம் வந்தால் தானே போகும். எங்கள் காலத்து நாய்களெல்லாம் மழை வெயில் பார்த்ததில்லை.

நாலுகால்நேசன் | புதன், காலை 7.15

ஐயா சொல்வதை நானும் செய்து பார்த்தவன்தான், முதல் நாய்க்கு. 40 நிமிடம் வெளியே நின்றது. கதவோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியதே தவிர, ஒரு சொட்டுப் போகவில்லை. திறந்ததும் உள்ளே ஓடிவந்து மிதியடியின் மேல் போனது. பயந்துபோய் உடம்பை இறுக்கிக்கொண்டிருக்கும் நாய் பெரும்பாலும் போகாது. அது பிடிவாதம் இல்லை. அதோடு, மழையென்றால் கதவு சாத்தப்படும் என்ற பாடமும் சேர்ந்துகொள்ளும். அதை மறக்கடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஈரக்குடை, வழி சொல்வதற்கு முன் சில கேள்விகள். "மழை பிடிக்காது" என்பது ஒரே விஷயம் மாதிரி தெரிகிறது, ஆனால் அதற்குள் நாலைந்து இருக்கும். தலையில் சொட்டுவது பிடிக்காமல் இருக்கலாம். ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காமல் இருக்கலாம். குந்தும்போது நனைந்த புல் அடிவயிற்றில் பட்டுக் கூசலாம். பெண் நாய்களுக்கு இது ரொம்ப உண்டு. பெருமழை பழைய மூத்திர வாடையைக் கழுவிவிடுவதால் தன் இடமே தெரியாமல் போகலாம். சத்தமாகவும் இருக்கலாம். நமக்குக் கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ், நாய்க்கு 45,000 வரை எட்டும். நாம் "சோ"வென்று கேட்கும் மழை அதற்கு எப்படிக் கேட்கிறதோ.

குளிப்பாட்டும்போது எப்படி இருப்பாள்? வாசலில் நிற்கும்போது பிடித்த தின்பண்டம் கொடுத்தால் வாங்குகிறாளா? கதவுக்கு மேலே கூரை மாதிரி ஏதாவது உண்டா?

தின்பண்டக் கேள்விதான் முக்கியம். வெறும் சலிப்பாக இருக்கும் நாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கித் தின்னும். பயந்த நாய் உயிரான தின்பண்டத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காது.

ஈரக்குடை | புதன், காலை 8.02

குளியலில் பிரச்சினையே இல்லை. தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

வாசலில் வேகவைத்த கோழி கொடுத்துப் பார்த்தேன். வாங்கவில்லை. அதே துண்டைக் கூடத்துக்குள் வந்து கொடுத்தால் விழுங்குகிறாள். அப்படியென்றால் பயமா?

கதவுக்கு மேலே தகரம் போட்டிருக்கிறது, நாலடிக்கு. அவள் நனையக் கூடாது என்று அந்தத் தகரத்தடியில்தான் நிறுத்திப் போகச் சொல்கிறேன்.

மருந்துப்பெட்டி | புதன், பிற்பகல் 1.40

கால்நடை மருத்துவராக இருப்பதால் உடம்பு பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

19 மணி நேரம் ஒருமுறை நடந்துவிட்டால் பதற வேண்டாம். ஆனால் வழக்கமாகிவிடக் கூடாது. வளர்ந்த நாயை 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வைக்க வேண்டும். தினமும் அடக்கினால் சிறுநீர்ப்பைத் தொற்று வர வாய்ப்பு கூடும். உள்ளே போய்விடுகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைக்கிற வழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லிலிட்டர் தேவை. பவுனுவுக்கு முக்கால் லிட்டர் ஆகிறது.

குந்தி முக்கியும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், ரத்தம் தெரிந்தால், 24 மணி நேரம் தாண்டியும் போகாவிட்டால் மழையைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆண் நாயாக இருந்தால் இன்னும் அவசரம். கல் அடைத்துவிட்டால் ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனை வருடம் மழையில் போய்வந்த வயதான நாய் திடீரென்று மறுத்தால் மூட்டுவலியைச் சந்தேகியுங்கள். வழுக்கும் தரையில் குந்த அதற்குப் பயமாக இருக்கும்.

இன்னொன்று. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் போட வேண்டும். குட்டையில் நக்கிக் குடிக்க விடாதீர்கள். திரும்பி வந்ததும் விரல் இடுக்குகளைத் துடையுங்கள், மேலே மட்டும் துடைத்துவிட்டு விடுகிறவர்கள்தான் அதிகம். ஈரம் நின்றால் பூஞ்சை வரும், நாய் ராத்திரி முழுக்கக் காலை நக்கிக்கொண்டே இருக்கும்.

ஏழாம்மாடி | புதன், மாலை 6.25

பால்கனியில் ஒரு தட்டு வைத்து அதில் செயற்கைப் புல் விரித்துவிடுங்கள், தொல்லை விட்டது. எங்கள் நாய்க்கு அப்படித்தான். முதல் நாள் அதன் மூத்திரத்தைத் துடைத்த தாளை அடியில் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு அங்கேயே போனது. மின்தூக்கி பழுதான நாட்களில் அந்தத் தட்டு எனக்குத் தெய்வம்.

குட்டைக்கால் | புதன், மாலை 6.58

ஏழாம்மாடி, உங்களுக்குச் சரி. ஆனால் புல்தரை இருக்கிற வீட்டில் யோசித்துச் செய்ய வேண்டும். நான் டாஷ்ஹண்ட் வளர்க்கிறேன். காலே நாலு விரற்கடை, வயிறு தரையைத் தொடும், ஈரப் புல் என்றால் அலறும். பாவம் என்று உள்ளே விரிப்புப் போட்டுப் பழக்கினேன். மழை நின்றது, விரிப்பு நிற்கவில்லை. அப்புறம் கதவோரம் கிடக்கும் துணி, தம்பியின் பள்ளிப் பை, எது மெத்தென்று இருந்தாலும் அதற்கு விரிப்புதான்.

பிறகு புல்லை ஓரிடத்தில் ஒட்ட வெட்டி, ஒரு பாய் அளவுக்கு மணலும் சரளைக்கல்லும் கொட்டினேன். தண்ணீர் தேங்கவில்லை, வயிற்றிலும் படவில்லை. குட்டைக்கால் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

ஈரக்குடை | வியாழன், இரவு 9.45

இன்றைய அவமானத்தை எழுதிவிடுகிறேன்.

தகரம் நாலடிதான், புல்லுக்கு எட்டவில்லை. அதனால் அவள் மூலைக்கு மேலே தார்ப்பாய் கட்டலாம் என்று நானும் தம்பியும் நாலு கம்பு நட்டோம். மழை பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தூக்கிப்போய் அடியில் விட்டேன். நடுங்கினாள், ஆனாலும் மோந்தாள், ஒரு சுற்று சுற்றினாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டையாகக் கட்டியதால் நடுவில் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து தார்ப்பாய் கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் குந்தப் போன அதே நொடியில் ஒரு முடிச்சு அவிழ்ந்து மொத்தத் தண்ணீரும் அவள் முதுகில் கொட்டியது.

இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள். என் அறைக் கட்டில்கூட இல்லை, தம்பி கட்டில்.

வால்நட்சத்திரம் | வியாழன், இரவு 9.51

அக்கா...

திண்ணைக்காரர் | வெள்ளி, காலை 5.40

தார்ப்பாயை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்ட வேண்டும். ஒரு முழம் சரிவாவது வேண்டும். நடுவில் ஒரு கயிறு குறுக்கே ஓட வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நாலுகால்நேசன் | வெள்ளி, காலை 7.30

தார்ப்பாய் விழுந்ததை விடுங்கள். நீங்கள் எழுதியதைக் கோத்துப் பார்க்கிறேன். குளிக்கும்போது பயமில்லை, ஆகவே தண்ணீர் காரணமில்லை. வாசலில் கோழி வேண்டாம், கூடத்தில் வேண்டும். வாசலில் தகரம். மூலையில் தார்ப்பாய். கையில் குடை. அவளை நீங்கள் நிறுத்துகிற இடமெல்லாம் மழை மேளம் அடிக்கிற இடம்!

ஊகம்தான், சோதித்துவிடலாம். மழையில்லாத நாளில் புல்தரையைக் குழாயால் நன்றாக நனையுங்கள், அவளைக் கூட்டிப்போங்கள், என்ன செய்கிறாள் என்று பாருங்கள். இன்னொரு வேளை, தரை காய்ந்திருக்கும்போது, நீங்கள் அவளோடு தள்ளி நின்றுகொண்டு தம்பியை விட்டுத் தகரத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். மிரண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். தெரிந்துகொள்வதற்குத்தான் இது, பயிற்சி இல்லை.

செல்லம்மாவீடு | வெள்ளி, காலை 11.05

சோதனை முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

காய்ந்த நாட்களிலேயே ஒரு சொல்லைப் பழக்குங்கள். "மூச்சா போ" என்றோ வேறு எதுவோ, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அவள் குந்தத் தொடங்கும்போது மெல்லச் சொல்லுங்கள், முடித்த கணமே தின்பண்டம், அங்கேயே, வாய்க்குள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்று எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் சொல்லும் செயலும் ஒட்டிக்கொண்டன.

அடுத்து நேரம். சாப்பிட்டால் குடல் தானாக அசையும், பெரும்பாலான நாய்கள் 15 முதல் 30 நிமிடத்துக்குள் தேடும். தூங்கி எழுந்ததும் தேடும். அந்த வேளைகளில் மட்டும் முயலுங்கள். சும்மா சும்மா வாசலுக்கு இழுத்தால் வாசலே வெறுத்துப்போகும். மேகம் கறுத்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு நடை கூட்டிப்போய்விடுங்கள்.

முக்கியமானது இதுதான். காய்ந்த நாளில் மூச்சா போனதும் உடனே வீட்டுக்குத் திரும்பினால், "போனால் ஊர் சுற்றுவது முடிந்துவிடும்" என்று நாய் இழுத்தடிக்கும். மழையில் அது நேர் எதிர். வீட்டுக்குத் திரும்புவதுதான் அங்கே பெரிய பரிசு. அதை நாம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்! அஞ்சு நிமிடம் நின்றாள், போகவில்லை, பாவம் என்று உள்ளே விடுகிறோம், சோபாவுக்குப் பின்னால் போய்விடுகிறாள். வெளியே சும்மா நின்றாலே கதவு திறக்கும் என்று படித்துக்கொண்டாள் அல்லவா?

அதனால் கயிறு கட்டியே கூட்டிப்போங்கள், ஒரே இடத்தில் நில்லுங்கள், பேசாதீர்கள், விளையாடாதீர்கள். 5 நிமிடத்தில் போகவில்லையா, சரி, உள்ளே வாருங்கள். ஆனால் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. உங்கள் கால் அருகிலேயே 10 நிமிடம் இருக்கட்டும். மறுபடி வெளியே. மறுபடி 5 நிமிடம். போனால் அந்த நொடியே "ஆஹா" என்று சொல்லி வீட்டைப் பார்த்து ஓட்டம், துண்டு, உபசாரம் எல்லாம். எங்களுக்கு முதல் நாள் 6 தடவை ஆனது. நாலாம் நாள் ஒரே தடவை.

பயந்த நாய்க்கு இதை அப்படியே செய்யாதீர்கள். நாலுகால்நேசன் சொல்கிற பயம் முதலில் தீரட்டும்.

சோபாவுக்குப் பின்னால் அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். மூத்திரத்திலும் அமோனியா வாடை உண்டு, "இதுதான் இடம்" என்று பலகை மாட்டியது போல ஆகும். நொதி கலந்த துடைப்புத் திரவம் வாங்குங்கள்.

வால்நட்சத்திரம் | வெள்ளி, மாலை 4.20

இடையில் ஒரு செய்தி. செக் குடியரசு, ஜெர்மனி ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை 2 ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவை எந்தத் திசை பார்த்துக் கக்கா போகின்றன என்று குறித்திருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது வடக்கு தெற்காக உடம்பை வைத்துக்கொள்ளப் பிடிக்குமாம். 1,893 தடவை பார்த்து எழுதியிருக்கிறார்கள். 2014இல் இக் நோபல் கிடைத்தது (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு). பவுனு சுற்றுகிற மூன்று சுற்றும் திசைகாட்டி வேலையாக இருக்கலாம், தொந்தரவு செய்யாதீர்கள்.

ஈரக்குடை | சனி, மாலை 5.30

மழை இல்லை. சோதனை முடிந்தது.

நனைந்த புல்: நேராக நடந்தாள், மோந்தாள், குந்தினாள். கால் விரல்களுக்கிடையே சேறு பிதுங்கியது, கண்டுகொள்ளவே இல்லை.

தகரத்தில் தண்ணீர்: நாங்கள் 15 அடி தள்ளி நின்றோம். முதல் பீய்ச்சலிலேயே காது பின்னால் ஒட்டிக்கொண்டது, வால் உள்ளே போனது, என் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். தம்பியை நிறுத்தச் சொன்னேன். அதற்கப்புறமும் ஒரு நிமிடம் நடுக்கம் நிற்கவில்லை.

நனையக் கூடாது, நனையக் கூடாது என்று தகரத்துக்கும் தார்ப்பாய்க்கும் குடைக்கும் அடியில் நான்தான் இத்தனை நாள் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். என் பெயரை மாற்ற முடியுமா என்று நிர்வாகியிடம் கேட்க வேண்டும்.

நாலுகால்நேசன் | சனி, மாலை 6.10

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. முன்வாசலுக்கு மேலும் தகரமா?

ஈரக்குடை | சனி, மாலை 6.14

இல்லை! காரைதான்.

நாலுகால்நேசன் | சனி, மாலை 6.31

இனி மழையில் அந்த வழியாகவே போங்கள். குடை வேண்டாம், நீங்கள் தொப்பி வைத்த மழைக்கோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தூறலில் பழக்குங்கள், அடைமழையில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்குள் மழைச் சத்தப் பதிவு ஒன்றை, காதில் விழுந்தும் விழாததுமாக, அவள் சாப்பிடும்போது ஓடவிடுங்கள். சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள். குறைத்துக்கொண்டு மறுநாள் பாருங்கள். வாரங்கள் பிடிக்கும். இடி வேறு கணக்கு. இடி இடிக்கும்போது எந்தப் பாடமும் நடத்தாதீர்கள், ஓயும்வரை உள்ளேயே இருக்கட்டும்.

திண்ணைக்காரர் | ஞாயிறு, காலை 5.45

தகரத்தின் மேல் பழைய சாக்கு நாலைந்து விரித்துக் கல் வையுங்கள். சத்தம் செத்துவிடும். என் பட்டறைக்கு அதைத்தான் செய்திருக்கிறேன், உள்ளே வானொலி கேட்கும்.

கதவைச் சாத்தச் சொன்னது தப்புதான். எங்கள் நாய்களுக்கு மேலே தகரம் இருந்ததில்லை, அதை யோசிக்கவில்லை.

ஏழாம்மாடி | ஞாயிறு, காலை 9.10

ஐயா, சாக்கு யோசனை பிரமாதம். என் பால்கனிக் கூரைக்கு இன்றே போடுகிறேன். மழை நாளில் எங்கள் நாய் தட்டுக்குப் போகும்போது ஏன் பதுங்கிப் பதுங்கிப் போகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

ஈரக்குடை | அடுத்த வியாழன், இரவு 10.05

நாலு நாளாக எழுதவில்லை, ஏனென்றால் நாலு நாளும் மழை.

ஞாயிறு தூறலில் முன்வாசல் வழியாகப் போனோம். படியில் வழக்கம்போல் நின்றாள். கோழியை நீட்டினேன். ஒரு யோசனை, அப்புறம் வாங்கிக்கொண்டாள். வெளியே, மழையில், வாயில் வாங்கினாள்! சுவரைச் சுற்றிப் புல்லுக்குப் போக 2 நிமிடம், நின்றது 5 நிமிடம். போகவில்லை. உள்ளே வந்து கயிற்றோடு என் நாற்காலிக் காலருகில் 10 நிமிடம். இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை மூன்று சுற்று. (திசை பார்த்தேன் வால்நட்சத்திரம், மேற்கு. மூச்சாவுக்கு அந்தக் கணக்கு இல்லை போல.) "மூச்சா போ" என்று சொல்லிக்கொண்டே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனாள். ரெண்டு பேரும் ஓடினோம்.

செவ்வாய் பெருமழை. முற்றாக மறுத்தாள், வற்புறுத்தவில்லை. ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் குறைந்ததும் ஒரே தடவையில் போய்வந்தாள். நேற்றும் இன்றும் உள்ளே எதுவும் இல்லை. அடக்கி வைத்த அதிகபட்ச நேரம் 9 மணி. சாக்கு போட்டாயிற்று, ஆனாலும் பின்வாசலை இன்னும் நம்பவில்லை. அந்தப் பக்கம் போனால் தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

மருந்துப்பெட்டி | அடுத்த வியாழன், இரவு 10.40

விரல் இடுக்கு?

ஈரக்குடை | அடுத்த வியாழன், இரவு 10.44

துடைக்கிறேன் டாக்டர், நாலு காலும். அதற்கென்று ஒரு பழைய நீலத் துண்டு வைத்திருக்கிறேன். துடைத்து முடித்ததும் கோழி என்பதால் அந்தத் துண்டு மேல் இப்போது தனிப் பாசம். இன்று மாலை மழையே இல்லை, கொடியிலிருந்து துண்டை எடுத்து மடிக்கப் போனேன். ஓடிப்போய் முன்வாசல் கதவருகில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.